உங்கள் போனுக்குள்ளும் ஒரு கேட் பாஸ்! தெரியுமா?

சுங்குவார்சத்திரத்தில் ராத்திரி ஷிப்டில் பெட்டிக்குள் அடைபடும் ஒவ்வொரு ஐபோனிலும் மூன்று பழைய எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன, தெரியுமா? ஆர், டபிள்யூ, எக்ஸ்! படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று அர்த்தம். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்தபோது வந்து உட்கார்ந்தவை, இன்னும் எழுந்து போகவில்லை. ஐபோனின் அடிவயிற்றில் ஓடுவது யூனிக்ஸ் வம்சம். ஆண்ட்ராய்டின் அடியில் லினக்ஸ். அங்கேயும் இதே வழக்கம்தான்.

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006இலிருந்து 2014 வரை கோடிக்கணக்கில் போன் செய்து அனுப்பியது நோக்கியா. அந்தப் பட்டன் போன்கள் பெரும்பாலும் நோக்கியாவின் சொந்த இயங்குதளத்தில் ஓடியவை. யூனிக்ஸ் வாசனையே கிடையாது. ஃபாக்ஸ்கான் 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் மாடலை இங்கே கோக்க ஆரம்பித்தபோது பெல் ஆய்வுக்கூடத்தின் வாரிசு நம் ஊர் லைனில் ஏறியது!

எந்த சிப்காட் கம்பெனி வாசலிலும் நிரந்தர ஊழியருக்கு ஒரு பாஸ், கான்ட்ராக்டுக்கு ஒரு பாஸ், விசிட்டருக்கு ஒரு பாஸ் இருக்கிறதல்லவா? யூனிக்ஸ் கோப்புக்கும் அதே மூன்று வகை ஆட்கள்: உரிமையாளர், அவருடைய குழு, மற்ற எல்லாரும். படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. கூட்டினால் 7. ஆக 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. குழுவும் மற்றவர்களும் படிக்கலாம், ஓட்டலாம், திருத்த முடியாது. 644 என்றால் யாரும் ஓட்ட முடியாது; உரிமையாளர் திருத்தலாம், மற்றவர்களுக்குப் படிப்பதோடு சரி. அவசரத்துக்கு 777 போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. செக்யூரிட்டி டீ குடிக்கப் போன கேட் அது!

ஒரு கோப்பின் அனுமதியை 000 என்று வைத்துப் பூட்டிவிட்டீர்கள். சாதாரணப் பயனர் யாராலும் படிக்கவோ எழுதவோ முடியாது. ஆனாலும் அழிக்க முடியும், தெரியுமா? அழிப்பதற்குக் கோப்பின் அனுமதி தேவையே இல்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதவும் நுழையவும் அனுமதி இருந்தால், பொதுவாக அதுவே போதும்! பெயரை நீக்குவது கோப்புறையைத் திருத்தும் வேலை, கோப்பைத் திருத்தும் வேலை அல்ல. பல வருஷம் லினக்ஸில் குப்பை கொட்டியவர்களே இதைக் கேட்டு ஒரு நிமிஷம் முழிப்பார்கள்.

2007இல் வந்த முதல் ஐபோனில் எல்லாச் செயலிகளும் ‘ரூட்’ என்ற சர்வாதிகாரியின் பெயரிலேயே ஓடின! ஒன்றில் ஓட்டை விழுந்தால் போன் முழுக்கப் போச்சு. பிறகுதான் செயலிகளை ‘மொபைல்’ என்ற அதிகாரம் குறைந்த பயனரின் பெயருக்கு மாற்றினார்கள். அந்த ரூட்டின் கடவுச்சொல் பல வருஷம் உலகத்துக்கே தெரிந்த ஒரே சொல்: ‘ஆல்பைன்’. 2009இல் அதை மாற்றாமல் விட்ட, பூட்டு உடைக்கப்பட்ட போன்களில் ஒரு புழு நுழைந்து, திரையின் பின்னணிப் படமாக ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரை ஒட்டிவிட்டுப் போனது!

ஆண்ட்ராய்டு இன்னும் வேடிக்கை. பலர் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றைப் பெரிய கணினிக்காக யோசித்தது, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிக்ஸ் ஏற்பாடு. இன்று கணினி ஒருவர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது, பயனர்களோ கூடிவிட்டார்கள்! நீங்கள் போடும் ஒவ்வொரு செயலியையும் ஆண்ட்ராய்டு தனி ஆளாகக் கணக்கு வைத்து, 10000இலிருந்து எண் கொடுக்கிறது. உங்கள் வங்கிச் செயலியின் கோப்பை விளையாட்டுச் செயலி எட்டிப் பார்க்க முடியாததற்குப் பெரிய காரணம் அந்த எண்தான்.

கடவுச்சொல் மாற்றுவதில் ஒரு புதிர். அதை வைத்திருக்கும் கோப்பில் ரூட் மட்டும்தான் எழுதலாம். பிறகு சாதாரண ஆள் தன் கடவுச்சொல்லை எப்படி மாற்றுகிறார்? ‘செட்யூஐடி’ என்ற ஒரே ஒரு பிட்! அது இருக்கும் நிரலை யார் ஓட்டினாலும், ஓடும் நேரம் மட்டும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தைப் போர்த்திக்கொள்ளும். இதற்கு ரிட்சி 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1979இல் கிடைத்தது, எண் 41,35,240. பிறகு அதைப் பொதுவுக்கே விட்டுவிட்டார்கள். காசு கேட்டிருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

சரி, இந்த அனுமதிகளையெல்லாம் யார் போடுகிறார்கள்? நிரலை நிறுவும்போதுதான் போட வேண்டும். கோப்பை நகல் எடுத்து ஓரிடத்தில் வைப்பது கால்வாசி வேலை. அது யாருக்குச் சொந்தம், யார் ஓட்டலாம் என்று தீர்ப்பது மீதி. இதற்கென்றே ‘இன்ஸ்டால்’ என்ற கட்டளை 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. ஆனால் யூனிக்ஸ்களுக்கெல்லாம் பொது விதி வகுக்கும் போசிக்ஸ் தரத்தில் அந்தக் கட்டளை இன்றுவரை இல்லை, தெரியுமா? ஆளாளுக்கு ஒரு இன்ஸ்டால்!

கேளுங்கள் கூத்தை. நிரல்களை வெவ்வேறு யூனிக்ஸ்களுக்குப் பொருத்தித் தரும் ஆட்டோகான்ஃப் என்ற கருவிக்குள், எந்தெந்த இன்ஸ்டாலை நம்பக்கூடாது என்று ஒரு கறுப்புப் பட்டியலே இருக்கிறது. ஒரு யூனிக்ஸின் இன்ஸ்டால், இல்லாத ‘ஸ்டாஃப்’ என்ற குழுவைத் தேடிக்கொண்டு நிற்கும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் ஒன்று, குழுவின் பெயரைச் சொன்னால்தான் நகரும். அமிகா கணினியில் இன்ஸ்டால் என்று தட்டினால் அது ஃபிளாப்பித் தட்டில் பூட் பகுதியை எழுதிவிடும்! நிரல் நிறுவப் போய் ஃபிளாப்பியை மாற்றி எழுதிவிட்டு வர வேண்டியதுதான்.

இந்தக் கூத்துக்கு மருந்தாக வந்ததுதான் ‘இன்ஸ்டால்-எஸ்எச்’ என்ற குட்டி ஷெல் ஸ்கிரிப்ட். எக்ஸ் விண்டோ அமைப்போடு 1990களின் தொடக்கத்தில் எம்ஐடி பக்கமிருந்து கிளம்பியது. அதன் தலையில் இன்னும் 1994 என்று போட்டிருக்கிறது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததே 1996இல்! ஸ்கிரிப்டை எழுதிய எக்ஸ் கன்சார்டியம் என்ற அமைப்பு 1996 கடைசியில் கடையைக் கட்டிவிட்டது. ஸ்கிரிப்ட் மட்டும் எண்ணற்ற திறந்த மூல நிரல்களின் மூட்டையோடு இன்றும் ஊர் சுற்றுகிறது.

அது செய்யும் காரியத்தின் வரிசைதான் எனக்கு ஆச்சரியம். கோப்பை நேராக அதன் இடத்தில் வைக்காது. அதே கோப்புறையில் ஒரு தற்காலிகப் பெயரில் நகல் எடுக்கும். உரிமையாளரை மாற்றும், குழுவை மாற்றும், அனுமதியைக் கடைசியில் போடும். ஏன் கடைசியில்? உரிமையாளரை மாற்றியதும் பல அமைப்புகள் செட்யூஐடி பிட்டைப் பறித்துவிடும். முன்னாடியே போட்டிருந்தால் வீண்! எல்லாம் முடிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றும். ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றுவது ஒரே வெட்டில் முடியும் வேலை, அதனால் பாதி நகலான கோப்பு யார் கண்ணிலும் படாது. பழைய நிரலை யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால்? அவர் பழையதிலேயே ஓட்டி முடிப்பார், அடுத்து ஓட்டுபவருக்குப் புதியது! நடுவில் நீங்கள் கன்ட்ரோல்-சி அடித்தால்கூடத் தற்காலிகக் கோப்பைத் துடைத்துவிட்டுத்தான் போகும்.

உள்ளே ஒரு குறிப்பு இருக்கிறது, படித்தால் சிரிப்பு வரும்: சில அமைப்புகளில் கோப்பை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையால் தன்னையே அழித்துக்கொள்ள முடியாது! அதனால் ஆர்எம்மின் புதுப் பதிப்பை நிறுவும்போது, பழையது அழிய மறுத்தால் பெயர் மாற்றி ஓரமாகத் தள்ளி வைக்கிறது ஸ்கிரிப்ட்.

இன்ஸ்டால்-எஸ்எச் என்ற பெயரின் நடுவில் புள்ளி இல்லாமல் சின்னக் கோடு ஏன்? புள்ளி வைத்தால் ‘மேக்’ என்ற கருவி, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, அதிலிருந்து ‘இன்ஸ்டால்’ என்று இன்னொரு கோப்பைத் தானே உண்டாக்கிவிடக்கூடும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு பயம்!

இந்த ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட ஷெல் மொழியே ஒரு விநோதம். ‘இஃப்’ என்று ஆரம்பித்தால் ‘ஃபி’ என்று திருப்பிப் போட்டு முடிக்க வேண்டும். ‘கேஸ்’ என்றால் ‘எசாக்’. அப்படியானால் ‘டூ’ என்பது ‘ஓடி’ என்றுதானே முடிய வேண்டும்? அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு கட்டளை இருந்ததால் ‘டன்’ ஆனது! 1979இல் இந்த ஷெல்லைத் தந்த ஸ்டீபன் போர்ன், சி மொழியையே அல்கோல் மாதிரி வேஷம் கட்டி எழுதினார். அதைப் பார்த்து மிரண்டவர்கள் 1984இல் ‘புரியாத சி நிரல்’ போட்டியே தொடங்கிவிட்டார்கள். ஸ்கிரிப்டில் வரும் சதுர அடைப்புக்குறி இருக்கிறதே, அதுவும் லினக்ஸில் ஒரு தனி நிரல், தெரியுமா? வட்டில் அந்தப் பெயரிலேயே கோப்பாகக் கிடக்கிறது!

எல்லா ஷெல்லிலும் ஓடுகிற மாதிரி எழுதுவது தவம்தான். 2006இல் உபுண்டு என்ற லினக்ஸ், ஸ்கிரிப்டுகளை ஓட்டும் தன் இயல்பு ஷெல்லை ‘பாஷ்’இலிருந்து ‘டாஷ்’ என்று மாற்றியதும், பாஷின் வசதிகளுக்குப் பழகியிருந்த ஸ்கிரிப்டுகள் வரிசையாகச் சாய்ந்தன. அடுத்த வருஷம் டெல் அமெரிக்காவில் உபுண்டு போட்ட கணினிகளை விற்க ஆரம்பித்தது; ஸ்ரீபெரும்புதூரில் டெல் தொழிற்சாலை திறந்ததும் அதே 2007இல்தான். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

நிறுவும் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு இடைவெளி என்ன செய்யும் தெரியுமா? 2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் நிரலின் நிறுவல் ஸ்கிரிப்ட், ஒரு கோப்புறையின் நெடும் பாதையை அழிக்கச் சொல்லும் வரியில் ‘யூஎஸ்ஆர்’ என்பதற்குப் பிறகு தவறுதலாக ஒரு இடம் விட்டது. விளைவு? அந்த நெடும் பாதைக்குப் பதில் யூஎஸ்ஆர் முழுக்க அழிந்தது, அதாவது கணினியின் நிரல்களில் பெரும்பகுதி! 2015இல் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாகிப் போய், ஒருவருடைய கோப்புகளைத் துடைத்துவிட்டது. அந்த வரிக்கு மேலேயே எழுதியவர் ‘பயங்கரம்!’ என்று ஆங்கிலத்தில் குறிப்பு வைத்திருந்தார். தெரிந்தே இருந்திருக்கிறது!

காரிலும் இதே அலட்சியக் கதைதான். 2022இல் ஒருவர் தன் ஹூண்டாய் அயோனிக் காரின் லினக்ஸ் திரைக்குள் சொந்த நிரலை நிறுவக் கிளம்பினார். மென்பொருள் மூட்டைக்குக் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவியை எங்கே கண்டுபிடித்தார்? கூகுளில்! பாடப் பக்கங்களில் உதாரணத்துக்குக் கொடுக்கும் சாவியையே தயாரிப்பாளர்கள் அப்படியே வைத்திருந்தார்கள்.

கடைசியாக, லினக்ஸ் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் சுற்றிவரும் ஒரு பழைய கேள்வி. அனுமதியை மாற்றும் கட்டளை ‘சிஹெச்மாட்’. அந்த நிரலின் ஓட்டும் அனுமதியையே யாரோ பிடுங்கிவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கவும் அதே நிரல்தானே வேண்டும்? எப்படி மீட்பீர்கள்? பைத்தான் மொழி வழியாக, இயங்குதளத்தின் கருவான கெர்னலையே நேராகக் கேட்கலாம். ஓட்டும் அனுமதி உள்ள வேறு நிரலை நகலெடுத்து, அதன் வயிற்றுக்குள் சிஹெச்மாட்டின் உள்ளடக்கத்தைக் கொட்டலாம். அனுமதி பழைய உடம்போடு அப்படியே நிற்கும்! எல்லாவற்றிலும் சுலபம் இன்ஸ்டால் கட்டளை: 755 என்று சொல்லி சிஹெச்மாட்டைப் புது இடத்தில் நிறுவினால் தீர்ந்தது, ஏனென்றால் அது அனுமதி போட யாரையும் கூப்பிடாமல் கருவிடமே பேசுகிறது. நம்ம இன்ஸ்டால்-எஸ்எச் மட்டும் இங்கே கைவிரித்துவிடும். அனுமதி போட அது கூப்பிடுவதே சிஹெச்மாட்டைத்தான்!