படம் ஓடினால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன், என் தந்தையின் எண்பதாம் ஆண்டு நிறைவு விழாவைப் படம்பிடித்தவர், அதை ஒரு பென் டிரைவில் பதிந்து கொடுத்தார். உறவினர்களை அமரவைத்துக் கணினியில் இயக்கினேன். நாகஸ்வர இசை தெளிவாகக் கேட்டது. திரையோ இருண்டு கிடந்தது. பதற்றத்தில் இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட தளத்திலிருந்து, எல்லா வகைக் காணொலிகளையும் இயக்கும் என்று கூறப்பட்ட ஒரு மென்பொருளை நிறுவினேன். படம் வரவில்லை, விளம்பரங்கள் வந்து குவிந்தன. இறுதியில் கணினியின் வட்டை முழுவதும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவ நேர்ந்தது. பிரதி எடுத்து வைக்காத குடும்பப் புகைப்படங்கள் பல அத்துடன் போயின.

பழுதுபார்த்தவர் அதே காணொலியை வேறொரு பிளேயரில் ஒரு நிமிஷத்தில் இயக்கிக் காட்டினார். கோப்பில் குறையேதுமில்லை. என் தேர்வில்தான் குறை இருந்தது.

எம்பி4, எம்கேவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் காண்பவை பெட்டியின் பெயர்கள் மட்டுமே. பெட்டிக்குள் படமும் ஒலியும் தனித்தனியே சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் முறைக்குக் 'கோடெக்' என்று பெயர். 2013-இல் வெளிவந்த எச்இவிசி, முந்தைய எச்.264 முறையைவிடக் குறைந்த இடத்தில் அதே தரமான படத்தைச் சேமிக்கிறது. ஆனால், அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. ஆதலால், விண்டோஸுடன் வரும் பிளேயரில் அதை இயக்கத் தனி விரிவாக்கம் தேவைப்படலாம். ஒலி கேட்டும் படம் தெரியாமற்போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கைப்பேசியில் எடுத்த எளிய காணொலிகளை மட்டும் பார்ப்பவருக்குக் கணினியுடன் வரும் பிளேயரே போதும். பலவகைக் கோப்புகளைக் கையாள்வோருக்கு, கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்ட விஎல்சி பொருத்தமானது. 1996-இல் பிரான்ஸின் எகோல் சென்ட்ரால் பாரீஸ் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய விடியோலேன் திட்டத்தில் பிறந்த இது, 2001-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. இன்று அதைப் பராமரிப்பது லாப நோக்கற்ற ஓர் அமைப்பு. கட்டணமோ, விளம்பரமோ, பதிவுசெய்து நுழையும் கட்டாயமோ இதில் இல்லை. விசைப்பலகையில் பழகியவர்களுக்கு எம்பிவி என்ற எளிய பிளேயரும் உண்டு.

தேர்ந்தெடுக்குமுன் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தமிழ் வசன வரிகள் சரியாகத் தெரிகின்றனவா என்பது. எழுத்துகள் குறிகளாகச் சிதைந்து தோன்றினால், அமைப்பில் குறியாக்கத்தை 'யுடிஎஃப்-8' என்று மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவது, படத்தை விரிக்கும் பணியை வரைகலைச் சில்லிடம் ஒப்படைக்கும் வசதி. அது இல்லையெனில் பழைய மடிக்கணினி சூடேறித் திணறும்.

மூன்றாவது, மென்பொருள் இன்னும் புதுப்பிக்கப்படுகிறதா என்பது. கோப்பைப் படிக்கும் நிரலில் ஓட்டை இருந்தால், காணொலியின் வழியாகவே கணினிக்குள் ஊடுருவ முடியும். பலரும் விரும்பிய மீடியா பிளேயர் கிளாசிக் ஹோம் சினிமாவின் வளர்ச்சிப் பணி நிற்பதாக 2017-இல் அதன் குழு அறிவித்தது. மூலநிரல் திறந்திருந்ததால் வேறொருவர் அதைத் தொடர்ந்தார். எனினும், பழைய பதிப்பையே வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிட்டாது.

இவற்றைவிட முக்கியமானது, எங்கிருந்து பதிவிறக்குகிறோம் என்பது. 2022-இல் விடியோலேனின் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. மென்பொருளுக்குத் தடையில்லை, அதைத் தருகிற வாசல்தான் அடைக்கப்பட்டது. காரணம் பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. அக்டோபரில் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் உதவியுடன் அந்த அமைப்பு அரசுக்குச் சட்ட அறிவிக்கை அனுப்பியது. நவம்பரில் முடக்கம் நீங்கியது. பாதுகாப்பு கருதி எடுத்த நடவடிக்கையாகவே இருந்திருப்பினும், உண்மையான தளத்தை அடைத்தால், நாடுவோர் பெயர் தெரியாத தளங்களுக்கே செல்வர். அத்தகைய ஒரு தளம் என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்து அறிந்திருக்கிறேன்.

தேடல் முடிவில் முதலில் தெரிவது விளம்பரமாக இருக்கலாம். எனவே, தயாரித்தவரின் தள முகவரியைச் சரிபார்த்தோ, இயங்குதளத்தின் அதிகாரபூர்வ அங்காடியிலிருந்தோ மட்டுமே மென்பொருளைப் பெற வேண்டும். கோப்பு இயங்கவில்லை என்றால் அவசரப்பட்டு எதையும் நிறுவக் கூடாது. முதலில் அதற்கொரு பிரதி எடுக்க வேண்டும்.

என் தந்தை இன்று இல்லை. அந்த விழாவில் அவர் பேசிய சில நிமிஷங்களே அவர் குரலாக எங்களிடம் எஞ்சியுள்ளன. அந்தக் காணொலி இப்போது மூன்று இடங்களில் பத்திரமாக இருக்கிறது.