மலர்ச் சீட்டும் அதன் பின்புறமும்

மலர்களைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, தடித்த அட்டையில் ஒட்டிப் புத்தக அடையாளச் சீட்டாகப் பயன்படுத்தும் வழக்கம் பல இல்லங்களில் உண்டு. இது சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத்தக்கதன்று. தாவர நூலார் உலகெங்கும் உலர் தாவரத் தொகுதிகளைச் சேர்த்து வைப்பதும் இதே முறையினால்தான். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டு லூக்கா கினி என்பார் தொடங்கி வைத்ததாகக் கருதப்படும் இம்முறை இன்றளவும் அடிப்படையில் மாறவில்லை.

பெங்களூரிலேயே இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. புனித ஜோசப் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பாதிரியார் செசில் சல்தானா, மாணவரையும் உடன் ஆய்வாளரையும் கொண்டு கர்நாடகத்தின் செடி கொடிகளைச் சேகரித்து உலர்த்தினார். அதன் பயனாக, அமெரிக்க நாட்டுத் தாவர நூலார் டான் நிக்கல்சனுடன் இணைந்து அவர் பதிப்பித்த ஹாசன் மாவட்டத் தாவர நூல் 1976-இல் வெளிவந்தது. கர்நாடகத் தாவர நூலின் முதல் தொகுதி 1984-இல் வந்தது. அத்தொகுப்பின் உலர் தாள்கள் இன்று இந்திய விஞ்ஞானக் கழகத்தில் காக்கப்படுகின்றன. ஜேசிபி என்னும் குறியீட்டால் தாவர நூலார் அவற்றைச் சுட்டுவர். நாம் வீட்டில் செய்யும் சீட்டிற்கும் அத்தாள்களுக்கும் செய்முறையில் வேற்றுமை மிகச் சிறிது. வேற்றுமை எங்கே உள்ளது என்பதைப் பின்னர்க் காண்போம்.

உலரும்போது சில பூக்கள் நிறம் மாறாதிருப்பதும், சில கறுத்துப் போவதும் ஏன்? செண்டுமல்லியின் மஞ்சளும் செம்மஞ்சளும் கரோட்டினாய்டு என்னும் பொருள்களால் ஆனவை. இவை உலர்ச்சியைப் பெரிதும் தாங்குவன. சங்குப்பூவின் நீலம் ஆந்தோசயனின் வகையைச் சார்ந்தது. இவ்வகை நிறம் சாற்றின் அமிலத் தன்மைக்கேற்ப மாறும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு பங்கில் எலுமிச்சைச் சாறும், மற்றொரு பங்கில் சிறிது சமையல் சோடாவும் இட்டால், ஒன்று ஊதாவாகவும் மற்றது பச்சை கலந்தும் மாறுவதை வகுப்பிலேயே காட்டலாம். காகிதப்பூவிலும் வாடாமல்லியிலும் உள்ளது பீட்டாலெயின் என்னும் வேறொரு நிறப்பொருள். அவ்விரண்டிலும் நாம் பூவிதழ் என எண்ணும் வண்ணப் பகுதி உண்மையில் பூவடிச் செதில். அது இயல்பாகவே நீர்ச்சத்துக் குறைந்து காகிதம் போலிருப்பதால் விரைவில் உலர்கிறது. வாடாமல்லி என்று பெயரிட்டவர்கள் இதனை நன்கு கவனித்தவர்களே.

மல்லிகை பழுப்பதற்குக் காரணம் வேறு. இதழ் நசுங்கும்போது உயிரணுக்கள் உடைந்து, அவற்றில் தனித்தனியே இருந்த பினால் பொருள்களும் நொதியும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்ததும் பழுப்பு நிறம் உண்டாகிறது. வெட்டிய ஆப்பிள் பழுப்பதும் இவ்விதமே. நொதி வேலை செய்ய நீர் வேண்டும். ஆகவே பூவை விரலால் கசக்காமலிருப்பதும், விரைந்து உலர்த்துவதுமே நிறத்தைக் காக்கும் வழிகள். மற்ற உபாயங்கள் எல்லாம் இவற்றிற்கு அடுத்தவையே.

பனி உலர்ந்தபின், காலையில் பூவைச் சேகரிக்க வேண்டும். மெல்லிய, தட்டையான பூக்களே ஏற்றவை: காஸ்மாஸ், பான்சி, வெர்பினா போன்றவை. ரோஜாவையும் சைனா ஆஸ்டரையும் முழுதாக அழுத்தினால் நடுப்பகுதியில் பூஞ்சை பிடிக்கும். இதழ்களைப் பிரித்தே உலர்த்துக. பூவை மையொற்றுத் தாளின்மீது பரப்பி, மேலே இன்னொரு தாளிட்டு, இருபுறமும் செய்தித்தாள் மடிப்புகளை அடுக்கி, பலகையின் கீழ் வைத்துக் கனமேற்றுக. 24 மணி நேரத்தில் ஒருமுறை திறந்து, சுருங்கிய இதழ்களைத் தூரிகையால் நீவி விடலாம். இதழ் துவண்டிருக்கும் அந்நேரம் தவறினால் பின்பு நீவ இயலாது. அதன்பின் செய்தித்தாள்களை நாள்தோறும் மாற்ற வேண்டும். பலர் பூ கெட்டது என்று கைவிடுவது, ஈரத்தாளை மாற்றாத சோம்பலினாலேயே.

கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காற்று வறண்டிருக்கும். அப்போது ஒரு வாரத்தில் பணி முடியும். மழை மாதங்களில் இரண்டு வாரம்கூட ஆகலாம். உலர்ந்ததா என அறிய, பூவைக் கன்னத்தில் மெல்ல வைத்துப் பார்க்கலாம். குளிர்ச்சி தோன்றினால் ஈரம் இன்னும் உள்ளது. ஈரம் இருக்கையில் பிளாஸ்டிக் உறையிட்டு மூடினால் பூ உள்ளேயே பழுத்துவிடும்.

பூக்களை எங்கே எடுப்பது என்பதும் சிந்திக்கத்தக்கது. 1760-இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தில் பறிக்கக் கூடாது. சாலையோர மரங்களின் கீழ் உதிர்ந்து கிடக்கும் டபேபுயாவும் ஜக்கராந்தாவும் வாடுமுன் எடுத்தால் போதும். பார்த்தீனியம் என்னும் களையைச் சிறுவர் தொடவிடலாகாது. அதன் சிறிய வெண்பூக்கள் சீட்டிற்கு அழகாகத் தோன்றும். ஆனால் அது தோல் அழற்சியும் மூச்சுத் தொல்லையும் விளைக்க வல்லது. அரளியையும் விலக்குக.

இனி முன்னர்க் கூறிய வேற்றுமைக்கு வருவோம். அறிவியலார் தாளில் பூவின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். வீட்டுச் சீட்டில் அவை இரா. எடுத்த இடமும் நாளும் இல்லாத பூ வெறும் அலங்காரம். அவை இருப்பின் அதுவே ஒரு சான்று. அல்சூரிலுள்ள ஒரு பள்ளி, தன் வாயிலிலுள்ள அதே மரத்தின் முதற்பூவை ஆண்டுதோறும் நாளுடன் சீட்டாக்கி வைத்தால், பத்தாண்டுகளில் பூக்குங்காலம் முந்துகிறதா பிந்துகிறதா என்பதற்கு நல்ல குறிப்புக் கிடைக்கும். சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் பள்ளி மாணவர் மரங்களின் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் குறித்து வருவது இத்தகைய நோக்குடனேயே. எனவே சீட்டின் பின்புறத்தை வெறுமையாக விடாதீர்கள். பென்சிலால் எழுதுங்கள். சிலவகை மை ஈரத்தில் பரவும், ஒளியில் மங்கும். பெயரை மாணவர் அறிந்த மொழிகளிலெல்லாம் எழுதச் செய்யலாம். தமிழ்ச் சிறுவனின் செண்டுமல்லி, கன்னடத் தோழனுக்குச் செண்டு ஹூவு என்பது அவர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஒட்டுவதற்கு நீர்த்த மாவுப்பசை போதும். புத்தகம் கட்டுவோர் பூச்சி வராதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. சிறுவர் கையாளும் சீட்டிற்கு அது வேண்டா. முற்காலத்தில் உலர் தாவரத் தாள்களுக்கு மெர்க்குரிக் குளோரைடு என்னும் கொடிய பாதரச உப்பையும் பூசினர். ஆதலால் பழைய கல்லூரித் தொகுப்புகளைப் புரட்டும் ஆசிரியர்கள் கையுறை அணிந்து, பின்னர்க் கை கழுவுதல் நன்று. வீட்டுச் சீட்டில் சிறு வண்டு துளைத்திருப்பது கண்டால், அதனைப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்ப்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்கலாகாது. அறையின் வெப்பத்தை அது அடைந்தபின் திறந்தால் சீட்டின்மீது நீர் படியாது.