கேட்டலாக்கில் மூன்று மைக்ரான், பட்டறையில் ஐம்பது

நுகர்வோர் நீதிமன்றத்துக்கு யார் போகலாம் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1995இல் பதில் சொன்னது ஒரு சி.என்.சி. இயந்திரத்தை முன்வைத்துத்தான். மகாராஷ்டிரத்தின் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறு நிறுவனம் கோவையிலிருந்து சி.என்.சி. கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தது. தாமதமாக வந்தது, வந்ததும் கோளாறு என்பது புகார். மாநில ஆணையம் இழப்பீடு தரச் சொன்னது. தேசிய ஆணையம் அதை ரத்து செய்தது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல, வேண்டுமானால் சிவில் வழக்கு போடட்டும் என்று உச்ச நீதிமன்றமும் முடித்துவிட்டது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போயிற்று. ஆகவே அந்தப் பேச்சை வாங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ தகரக் கொட்டகையில் ஜாப் ஒர்க் செய்பவர், கடன் வாங்கி முதல் மில்லிங் மெஷினை இறக்கும்போது பார்ப்பது பெரும்பாலும் இரண்டைத்தான்: ஒன்று விலை, மற்றொன்று கேட்டலாக்கில் அச்சிட்ட 'துல்லியம்'. வில்லங்கம் அந்த இரண்டாவதில் இருக்கிறது.

மலிவான மேஜை மெஷின்களில் 0.003 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அந்த எண் பிறக்கும் விதம் இது: ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். 5 மி.மீ. பிட்ச் உள்ள பால் ஸ்க்ரூவில் ஒரு படி என்பது 0.025 மி.மீ. டிரைவர் அதை எட்டாகப் பிரித்தால் 0.003. இது கட்டளை கொடுக்கக்கூடிய மிகச் சிறிய நகர்வு மட்டுமே. மேஜை அங்கே போய் நின்றது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சி7 தர பால் ஸ்க்ரூவுக்கு 300 மி.மீ. நீளத்தில் 50 மைக்ரான் வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. சி5 என்றால் 18 மைக்ரான். ஆகவே ஸ்க்ரூவின் தரம் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற எண்களைப் பார்க்க வேண்டும்.

சரியான இடத்துக்குப் போவது ஒன்று, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குப் போவது வேறொன்று. வாங்குபவர் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரே அளவில் தவறும் மெஷினைக் கன்ட்ரோலரில் திருத்தம் கொடுத்து வழிக்குக் கொண்டுவரலாம். நாளுக்கொரு விதமாகத் தவறுவதை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியான பேக்லாஷையும் சாஃப்ட்வேரில் சரிசெய்துவிடலாம் என்பார்கள். வெட்டும்போது கட்டர் மேஜையைத் தன் பக்கம் இழுத்தால், அந்த இடைவெளி திருத்தத்தை மீறி வேலையில் தெரியும்.

துல்லிய எண் எந்த முறையில் அளந்தது என்பதும் முக்கியம். ஐ.எஸ்.ஓ. 230-2 முறையில் கிடைப்பதைவிட, ஜப்பானின் ஜே.ஐ.எஸ். முறையில் அதே மெஷினுக்குச் சிறிய எண் கிடைப்பது வழக்கம். முறையைக் குறிப்பிடாத எண் வெறும் விளம்பரம்.

ஸ்பிண்டில் வேகத்திலும் ஏமாற இடமுண்டு. நிமிடத்துக்கு 24,000 சுற்று என்பது கேட்கப் பெருமையாக இருக்கும். 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். கட்டரால் மைல்ட் ஸ்டீல் வெட்ட, நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகத்தில், சுமார் 950 சுற்றே போதும். அந்த வேகத்தில் மர வேலைக்கான ரவுட்டர் ஸ்பிண்டிலுக்கு இழுவை இருக்காது. உடல் எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் பூட்டிய மெஷின் பித்தளையில் எழுத்து பொறிக்கும், இரும்பில் அதிரும். மேஜையில் டயல் கேஜை நிறுத்தி, முள்ளை ஸ்பிண்டிலில் தொடவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் தள்ளிப் பார்த்தாலே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

வெயிலும் அளவைத் தின்னும். 100 மி.மீ. அலுமினியத் துண்டு 10 டிகிரி சூடேறினால் 23 மைக்ரான் நீளும். அளவீட்டுக்கான உலக வழக்கு 20 டிகிரி. மே மாதத்து ஷெட்டுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தக் கொட்டகையில் ஐந்து மைக்ரான் தருவதாகச் சொல்பவரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

ஷோரூமில் சிங்கமுகம் செதுக்கிக் காட்டுவார்கள். அதில் 10 மைக்ரானும் தெரியாது, 50 மைக்ரானும் தெரியாது. நம்முடைய உலோகத்தைக் கொண்டுபோய் ஒரு சதுரமும் அதன்மேல் வட்டமும் வெட்டித் தரச் சொல்ல வேண்டும். அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களில் வட்டம் தட்டையானாலோ படி விழுந்தாலோ பேக்லாஷ் இருக்கிறது. துண்டை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சி.எம்.எம். என்ற முப்பரிமாண அளவீட்டு இயந்திரத்தில் அளந்து வாங்குவது இன்னும் நல்லது.

இனி சட்டம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16 வாங்குபவருக்குப் பெரிய துணை. இன்ன வேலைக்கு என்று தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருந்தாக வேண்டும். தெரிவித்ததற்குச் சாட்சி வேண்டுமே! எந்த உலோகம், என்ன டாலரன்ஸ், எந்த முறையில் சோதனை ஆகியவை பர்சேஸ் ஆர்டரில் இருக்க வேண்டும். கடைசித் தவணை சோதனைத் துண்டு தேறிய பிறகுதான் என்பதும் அதிலேயே இருக்கட்டும். வங்கிக் கடன் டீலருக்கு நேரடியாகப் போகும் என்பதால் இதை வங்கியிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெஷினை நிறுவ வந்தவர் 'திருப்தி' என்று எழுதி நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடக் கூடாது. சரக்கை ஏற்றுக்கொண்டபின் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். குறை இருந்தால் உடனே மின்னஞ்சலில் எழுத வேண்டும். போனில் திட்டுவது சாட்சியாகாது.

தானே மெஷினை ஓட்டிப் பிழைப்பவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சுயதொழிலில் வாழ்வாதாரத்துக்கு மட்டும் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது. ஒன்றிரண்டு பேர் உதவிக்கு இருந்தாலும் உரிமை போய்விடாது என்று அதே 1995 தீர்ப்பே சொல்லியிருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தன் ஊரிலேயே புகார் தரலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஆள் வைத்து ஓட்டும் நிறுவனங்களுக்கு வணிக நீதிமன்றம். தகராறின் மதிப்பு குறைந்தது 3 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும், அவசர இடைக்கால நிவாரணம் கோராவிட்டால் முதலில் சமரச முயற்சி கட்டாயம்.

நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 ஆண்டு, நீதிமன்ற வழக்குக்கு 3 ஆண்டு. சர்வீஸ் ஆள் 'அடுத்த வாரம் வர்றேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாதங்களும் அதில் சேர்த்தி.