வெள்ளி முளைச்சாச்சு: வீனஸ் என்ற பேர் எங்கெல்லாம் போச்சு?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கியிருந்தபோது நடந்தது. விடியக்காலை நாலரை மணி இருக்கும். அந்த வீட்டு ஆயா வாசலில் நின்று, "வெள்ளி மொளைச்சிடுச்சு, எழுந்திருங்க. மொத பஸ்ஸப் புடிக்கணும்ல" என்றார். கூட வந்திருந்த அக்கா மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிழக்கே பார்த்தான். மலை விளிம்புக்கு மேலே விளக்கு ஏற்றி வைத்த மாதிரி ஒன்று.

"என்ன ஸ்டார் மாமா அது?"

"வீனஸ்டா."

ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீனஸ் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். சூரியனிலிருந்து இரண்டாவது கோள், 465 டிகிரி சூடு, பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வது, எல்லாம் ஒப்பிப்பான். ஆனால் வானத்தில் பார்த்ததே இல்லை. ஆயா ஆயுசு முழுக்க அதைப் பார்த்தே எழுந்தவர். அது பூமி மாதிரி ஒரு உருண்டை என்று சொன்னதும் நான் கேலி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

கச்சிராயபாளையம் வந்து சேரும் வரை பஸ்ஸில் பையன் விடவில்லை. "வெள்ளிமலை, வெள்ளிக்கிழமை, வெள்ளிக் கொலுசு, இந்த வெள்ளி, எல்லாம் ஒண்ணா? அப்புறம் எதுக்கு வீனஸ்னு பேரு?" அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அது ஒரு சொல்

லத்தீனில் 'வெனுஸ்' என்றால் ஆசை, கவர்ச்சி, அழகு. அதுதான் ஒரு தெய்வத்தின் பேராகவும் ஆனது. சமஸ்கிருதத்தில் விருப்பம், இனிமை என்ற பொருளில் வரும் 'வனஸ்' இதற்குப் பங்காளி. ஆங்கிலத்தின் 'விஷ்' (விரும்புவது) கூட அதே வேர்தான். விஷத்தைக் குறிக்கும் 'வெனம்' இதிலிருந்து வந்ததாகச் சொன்னால் நம்ப முடிகிறதா? முதலில் அது வசிய மருந்தைக் குறித்தது, பிறகு எந்த மருந்துக்கும், கடைசியில் நஞ்சுக்கு.

ரோமானியர்கள் கிரேக்கர்களோடு பழகியபோது தங்கள் வெனுஸும் அவர்களுடைய அப்ரோதீத்தியும் ஒன்றுதான் என்று முடிவு பண்ணிக்கொண்டார்கள். ஜூலியஸ் சீசர் தன் குலமே வெனுஸின் வழி வந்தது என்று சொல்லி, கி.மு. 46இல் ரோமில் அவளுக்குக் கோயில் எழுப்பினார்.

ஆனால் வானத்து ஒளியை ஒரு காதல் தெய்வத்தோடு சேர்த்தது ரோமும் இல்லை, கிரேக்கமும் இல்லை. பாபிலோனியர்கள் அதை இஷ்தார் என்ற தெய்வத்தின் வடிவமாகப் பார்த்தவர்கள். அது எப்போது தோன்றும், எப்போது மறையும் என்று 21 வருஷக் கணக்கைக் களிமண் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கிரேக்கத்துக்குப் போனபோது இஷ்தாரின் இடத்தில் அப்ரோதீத்தி வந்தாள். ரோமுக்குப் போனபோது வெனுஸ். ஒளி அதேதான், ஊருக்கு ஊர் பேர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

கிழமைக்குள் எப்படி வந்தது?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஹெலனிய காலத்தில் கோள்களை அவை நகரும் வேகப்படி வரிசைப்படுத்தினார்கள். மெதுவானதிலிருந்து சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். நாளின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோள் அதிபதி. முதல் மணியின் அதிபதி பேர்தான் அந்த நாளுக்கு.

வியாழக்கிழமை முதல் மணி வியாழனுக்கு. 24 மணியை ஏழு ஏழாகக் கழித்தால் மிச்சம் மூன்று. அதாவது மறுநாள் முதல் மணிக்கு வரிசையில் மூன்று இடம் தள்ளிப் போகணும். செவ்வாய், ஞாயிறு, வெள்ளி. வியாழனுக்கு அடுத்து வெள்ளிக்கிழமை வருவது இதனால்தான். நம்ம வீட்டு நாள்காட்டியில் 'சுக்கிர ஓரை' என்று போட்டிருக்கிறதே, அது இதே ஏற்பாடு. அந்த 'ஓரை' கிரேக்க 'ஹோரா', சமஸ்கிருத 'ஹோரா' வழியாக வந்தது. ஆங்கில 'ஹவர்' அதன் ஒன்றுவிட்ட சகோதரன்.

ரோமில் அந்த நாள் 'தியேஸ் வெனெரிஸ்', வெனுஸின் நாள். இன்றைக்கும் பிரெஞ்சில் 'வான்த்ரதி', ஸ்பானிஷில் 'வியெர்னெஸ்', இத்தாலியனில் 'வெனெர்தி'. ஜெர்மானிய மக்கள் வெனுஸை எடுத்துவிட்டுத் தங்கள் ஃப்ரிக் என்ற தெய்வத்தை உட்கார வைத்தார்கள். 'ஃப்ரைடே' அப்படி வந்தது.

இந்தியாவுக்கு வந்தபோது பேர் மட்டுமல்ல, ஆளே மாறிவிட்டது. அங்கே காதல் தெய்வமான பெண். இங்கே சுக்கிராச்சாரியார், அசுரர்களின் குரு, மாவலிக்கு நல்லது சொல்லப் போய் ஒரு கண்ணை இழந்தவர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு குணமாவது இருக்கிறதா? பொதுவானது வானத்தில் இருக்கும் அந்த ஒளி ஒன்றுதான். நாளின் வரிசை மாறாமல் வந்தது, தெய்வம் வரவில்லை. கிழமையோடு தேதி குறித்த பழைய இந்தியக் கல்வெட்டு மத்தியப் பிரதேசத்து ஏரணில் இருக்கிறது. கி.பி. 484, ஒரு வியாழக்கிழமை.

தமிழ் என்ன செய்தது?

தமிழ் வெனுஸையும் வாங்கவில்லை, கிழமைக்குச் சுக்கிரனையும் வைக்கவில்லை. ஏற்கெனவே கையில் ஒரு சொல் இருந்தது. வெள் என்றால் வெண்மை. அதிலிருந்து வெள்ளி. உலோகத்துக்கும் அதே பேர். பட்டினப்பாலையின் தொடக்கத்திலேயே இந்த 'வெண்மீன்' வருகிறது. அது தெற்கே போனால் மழை பொய்க்கும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையைச் சொல்லி, அப்படிப் போனாலும் காவிரி பொய்க்காது என்று பேசும் இடம். தெய்வக் கதை எதுவும் இல்லை. வெள்ளையாக இருக்கிறது, அதனால் வெள்ளி.

அறிவியலும் இதைத்தான் சொல்கிறது. அந்தக் கோளை மூடியிருக்கும் கந்தக அமில மேகங்கள், மேலே விழும் சூரிய ஒளியில் கிட்டத்தட்ட முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. வெண்மைக்குக் காரணம் அதுதான்.

இன்னொரு வேடிக்கை. விடியலில் தெரியும் வெள்ளிக்கு ரோமானியர் வைத்த பேர் 'லூசிஃபர்', ஒளி கொண்டுவருபவன். லத்தீன் பைபிளில் ஏசாயா ஆகமத்தில் ஒரு வீழ்ந்த அரசனைக் குறிக்க அந்தச் சொல் வந்தது. பிற்காலத்தில் அது சாத்தானின் பேராகவே ஆகிவிட்டது. தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'விடிவெள்ளி' என்றுதான் இருக்கிறது. நம்மில் யாரும் விடிவெள்ளியைப் பார்த்துப் பயப்படவில்லை. இன்னும் நல்ல காலத்துக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்கிறோம்.

வானியலில்

ஐரோப்பிய வானியல் லத்தீனில் எழுதப்பட்டதால் வீனஸ் என்ற பேரே உலகப் பேராக நிலைத்தது. ஆனால் ஒரு சிக்கல். லத்தீன் இலக்கணப்படி 'வீனஸைச் சேர்ந்த' என்பதற்கு வரும் 'வெனெரியல்' என்ற சொல்லைப் பால்வினை நோய்க்காக மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் வானியலாளர்கள் அப்ரோதீத்தி பிறந்ததாகச் சொல்லும் தீவின் பேரால் 'சித்தேரியன்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தார்கள். இப்போது 'வீனூசியன்'தான் புழக்கத்தில்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. சூரியன் மேல் வெள்ளி கடந்துபோவதைப் பார்க்க லெ ஜென்தீல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761இல் ஊர் ஆங்கிலேயர் கையில் போயிருந்ததால், அவர் கப்பலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஆடும் கப்பலிலிருந்து துல்லியமாக அளக்க முடியுமா? எட்டு வருஷம் காத்திருந்து 1769இல் புதுச்சேரியிலிருந்தே பார்க்க உட்கார்ந்தார். அன்றைக்கு மேகம்.

அடுத்த கடப்பு 1874 டிசம்பர் 9. அப்போது சென்னை வானாய்வகத்தில் இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நடக்கப்போவதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கி ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் அது வந்தது. பஞ்சாங்கத்துச் சுக்கிரனும் தொலைநோக்கியில் தெரியும் வீனஸும் ஒன்றுதான் என்று 150 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் மெனக்கெட்டுச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்தக் கோளின் நிலப்பரப்பில் இருக்கும் இடங்களுக்கு, ஒன்றிரண்டு தவிர, பெண்கள், பெண் தெய்வங்கள் பேர்தான் வைக்கிறார்கள். வடக்கே பெரிய மேட்டு நிலத்துக்கு இஷ்தார் என்றே பேர். பாபிலோனில் கிளம்பியவள் சுற்றிச் சுற்றித் தன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அதன் மேற்கில் ஒரு பீடபூமிக்கு லட்சுமி என்று பேர். கிழக்கு ஓரத்தில் சுமார் 11 கிலோமீட்டர் உயர மேக்ஸ்வெல் மலை. ரேடார் படத்தில் அதன் உச்சி பளபளவென்று தெரிகிறது. ஏதோ உலோகச் சேர்மம் பனி மாதிரி படிந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அதாவது வெள்ளியிலும் ஒரு வெள்ளிமலை! 2028இல் அங்கே விண்கலம் அனுப்ப இஸ்ரோவுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. பத்திரிகைகள் அதைச் சுக்ரயான் என்கின்றன.

பையனுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆயாவுக்கும் எனக்கும் ஒரே கோள்தான் தெரியும். பேருதான் வேற" என்றான்.

எனக்கு உறுத்துவது அதுதான். பாடப் புத்தகத்தில் வீனஸுக்குப் பக்கத்தில் 'வெள்ளி' என்று ஒரு சொல்லும், விடியலில் கிழக்கே பார் என்று ஒரு வரியும் இருந்திருந்தால், அவன் அதைத் தெரிந்துகொள்ள மலை ஏறியிருக்க வேண்டியதில்லை. ஆயாவிடமும் யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அடுத்த தடவை போகும்போது ஒரு பைனாகுலர் எடுத்துப் போகணும். வெள்ளி பூமியை நெருங்கி வரும் நாட்களில் அதில் பிறை தெரியும். சின்ன நிலா மாதிரி. முதலில் ஆயா பார்க்கட்டும்.