கன்டெய்னர் கிளஸ்டரில் அனுமதியற்ற பிராக்சி அமைப்பு

அனுமதியற்ற பிராக்சி அமைப்பு என்பது, கன்டெய்னர் கிளஸ்டரில் இயங்கும் செயலியின் வெளிச்செல்லும் போக்குவரத்தை, நிர்வாகியின் ஒப்புதலின்றி வேறொரு இடைநிலைச் சேவையகத்தின் வழியே திருப்பிவிடும் அமைப்பு ஆகும். கூகுள் 2014-இல் அறிமுகப்படுத்திய குபர்நெட்டிஸ், கிளஸ்டர்களை மேலாளப் பரவலாகப் பயன்படும் மென்பொருள். அதில் இத்தகைய எச்சரிக்கை எழும்போது, பிராக்சி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிவதே முக்கியப் பணி.

செயல்படும் முறை

பல நிரல் நூலகங்கள் 'எச்டிடிபி பிராக்சி', 'எச்டிடிபிஎஸ் பிராக்சி' ஆகிய சூழல் மாறிகளைப் படித்து, அவற்றிலுள்ள முகவரி வழியே கோரிக்கைகளை அனுப்புகின்றன. செயலியின் நிரலில் ஒரு வரியும் மாறவேண்டியதில்லை. எச்டிடிபி வழியே செல்லும் கடவுச்சொற்கள் இடைச்சேவையகத்துக்கு அப்படியே தெரியும். எச்டிடிபிஎஸ் எனில் பொதுவாக, சென்றுசேரும் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். தாக்குபவரின் சான்றிதழும் கன்டெய்னரின் நம்பகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தால் உள்ளடக்கத்தையும் படிக்க இயலும்.

முதல் நடவடிக்கைகள்

பல நிறுவனங்கள் தாமே பிராக்சியைக் கட்டாயமாக்கியுள்ளன. எனவே எச்சரிக்கையில் உள்ள முகவரியை நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ முகவரியுடன் முதலில் ஒப்பிட வேண்டும். அது அறியாத முகவரி எனில், 'பாட்' எனப்படும் இயங்கு அலகை உடனே அழிப்பது பொதுவான தவறு. 'டெப்ளாய்மென்ட்' அதே வார்ப்பிலிருந்து புதிய பாடை உருவாக்கும். பிராக்சியும் திரும்ப வரும், தடயங்கள் மட்டும் அழியும். பாடின் வரையறையையும் பதிவேடுகளையும் சேமித்துவிட்டு, வலைப்பின்னல் கொள்கை மூலம் அனுமதிக்கப்பட்ட முகவரிகளுக்கு மட்டும் வெளிச்செல்ல விடுவது பாதுகாப்பானது. கிளஸ்டரின் வலைப்பின்னல் செருகுநிரல் ஆதரித்தால் மட்டுமே இக்கொள்கை செயல்படும்.

மூலத்தைக் கண்டறிதல்

மாறி எங்கே தென்படுகிறது என்பதே தடயம்.

* டெப்ளாய்மென்ட் வார்ப்பில் இருந்தால், அதைத் திருத்திய கணக்கைத் தேட வேண்டும். தணிக்கைப் பதிவு இயக்கப்பட்டிருந்தால் கணக்கும் நேரமும் அதில் கிடைக்கும்.
* வார்ப்பு ஒரு 'கான்ஃபிக்மேப்'பைச் சுட்டினால், அதன் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும்.
* வார்ப்பில் இல்லாமல் பாடின் வரையறையில் மட்டும் இருந்தால், பாட் உருவாகும்போது அதை மாற்றும் 'வெப்ஹூக்' ஒன்றே பெரும்பாலும் காரணம். அதை நீக்காதவரை ஒவ்வொரு புதிய பாடிலும் பிராக்சி சேரும்.
* வரையறையிலும் இல்லாமல் இயங்கும் கன்டெய்னரில் மட்டும் இருந்தால், கன்டெய்னர் படிமத்தையோ தொடக்க நிரலையோ ஆராய வேண்டும்.

மீட்பும் தடுப்பும்

கான்ஃபிக்மேப்பைத் திருத்தினாலும், ஏற்கெனவே இயங்கும் கன்டெய்னர்களின் சூழல் மாறிகள் மாறுவதில்லை. பாடுகளைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இடைச்சேவையகம் வழியே சென்றிருக்கக்கூடிய கடவுச்சொற்கள், அணுக்கச் சாவிகள் அனைத்தையும் மாற்றுவது அவசியம். பிராக்சியை நீக்கியபின்னும், முன்பே கசிந்த சாவி தாக்குபவரிடம் செல்லுபடியாகவே இருக்கும்.

வெப்ஹூக் அமைப்புகளை மாற்றும் உரிமையைச் சிலருக்கு மட்டும் வழங்குவது முதன்மையான தடுப்பு முறை. 2024-இல் வெளியான குபர்நெட்டிஸ் 1.30 பதிப்பில் நிலைபெற்ற சரிபார்ப்புக் கொள்கை வசதியைக் கொண்டு, வரையறையில் அறியாத பிராக்சி மதிப்பு நேரடியாக எழுதப்பட்ட பாடுகளை உருவாகும்போதே மறுக்கலாம்.