வைரம் பாய்ந்த தேக்கு!

குட்டீஸ்... ஜூன் மாதம் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிடும். ஆரியங்காவு கணவாய் வழியே வரும் ஈரக்காற்று, செங்கோட்டை, தென்காசி வரை சிலுசிலுவென வீசும். நமக்குக் கொண்டாட்டம்! மரக் கதவு, ஜன்னல்களுக்கோ திண்டாட்டம். ஈரத்தைக் குடித்து உப்பி, மூட முடியாமல் இறுகிக்கொள்ளும்.

தரையில் பாவிய மரப்பலகைக்கும் இதே கதிதான். மழைக்காலத்தில் விரியும், வெயில் காலத்தில் சுருங்கி, இடைவெளி விடும். ஆனால், தேக்கு மிகக் குறைவாகவே விரிந்து சுருங்கும். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் எளிதில் இறங்காது, கரையானும் அண்டாது.

எல்லா தேக்குக்கும் இந்தக் குணம் உண்டா? இல்லை! மரத்தை அறுத்தால், ஓரத்தில் வெளுத்த பகுதியும், நடுவில் பொன் பழுப்பு நிறப் பகுதியும் தெரியும். நடுப்பகுதிதான் 'வைரம்'. உறுதியான பெரியவர்களை, 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான். வெளுத்த பகுதியைக் கரையான் விடாது. இளம் மரத்தில் வைரம் குறைவு. நல்ல பருமனுக்கு வளர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும்.

தேக்கை இழைப்பது சுலபம். ஆனால், அதற்குள் மணல் போன்ற சிலிக்கா துகள்கள் இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். எண்ணெய்ப் பசையைத் துடைக்காமல் பசை தடவினால் ஒட்டாது. மரத்தூள் மூக்கை உறுத்தும் என்பதால், துணியால் மூடிக்கொள்வது நல்லது. பலகையைத் தரையில் பாவும்போது சுவரோரம் சிறிது இடைவெளி விடுவார்கள்; விரிய இடம் வேண்டுமல்லவா? ஒரு குறையும் உண்டு. தேக்கு கல் போலக் கடினமானதல்ல. இரும்புக் கட்டிலைத் தரதரவென இழுத்தால் கீறல் விழும்.

வீட்டுத்தரை மட்டுமல்ல, கடலிலும் தேக்கு ஜெயித்திருக்கிறது. இலங்கையின் திருகோணமலை பெயரைத் தாங்கிய 'டிரிங்கோமலி' போர்க்கப்பல், தேக்கு மரத்தால் மும்பையில் கட்டப்பட்டு, 1817ல் கடலில் இறக்கப்பட்டது. 200 வயதைத் தாண்டியும், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது!

எனவே குட்டீஸ், பழைய வீட்டை இடிக்கும்போது தேக்குப் பலகை கிடைத்தால், விறகாக்க விடாதீர்கள். மேலே கருத்திருந்தாலும், இழைத்தால் உள்ளே பொன்னிறம் தெரியும். ஒரு பலகையைக் காப்பாற்றினால், அரை நூற்றாண்டு வளர்ந்த ஒரு மரத்தின் உழைப்பைக் காப்பாற்றுகிறீர்கள்.

தேக்கு மரத்தைப் பார்த்தால், கீழே கிடக்கும் இளந்தளிரைக் கசக்கிப் பாருங்கள். உள்ளங்கை சிவக்கும்!