சங்கேதம் அவிழ 51 ஆண்டுகள்

ஓர் எழுத்துக்கு எப்போதும் ஒரே குறி என்றால், அடிக்கடி வரும் குறியே இரகசியத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே கலிபோர்னியாவில் 'ஸோடியாக்' என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன், ஓர் எழுத்துக்கே பல குறிகள் வைத்து 1969இல் பத்திரிகைகளுக்கு எழுதினான். ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும் அதைச் சில நாட்களில் அவிழ்த்துவிட்டனர்.

அவ்வாண்டு நவம்பரில் 340 குறிகளுடன் இன்னொரு கடிதம் வந்தது. இதில் எழுத்துகளின் வரிசையையும் கலைத்திருந்தான். சதுரங்கக் குதிரைபோல் ஒரு கட்டம் கீழே, இரண்டு கட்டம் வலப்புறம் என்று தாவிப் படித்தால்தான் பெரும்பகுதி பொருள் தரும்!

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பெல்ஜியம் நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர் மூவர், இலட்சக்கணக்கான வரிசைகளைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்து, 2020 டிசம்பரில் விடை கண்டனர். பொருந்தாத வரிசை ஒவ்வொன்றும் தேடலைக் குறுக்கிற்று. கடிதம் புரிந்தது, எழுதியவன் பெயர் மட்டும் அதில் இல்லை.